ஈரக் குளிரும் கால்விரலும்

சைபீரியாவில் உள்ள யாகுட்ஸ்க் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 35 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகும். லண்டனில் அதே ஜனவரியில் பகல் நேரத்தில் 7, 8 டிகிரி இருக்கும்; தரையில் பனி தங்குவதே அபூர்வம். குளிரால் கால்விரல் வீங்கிச் சிவந்து, இரவெல்லாம் அரித்துத் தூக்கத்தைக் கெடுக்கும் தொல்லை இந்த இரண்டில் எந்த ஊரில் அதிகம்? லண்டன் பக்கம்தான். ஆங்கிலேயர்கள் சில்பிளேன் என்று சொல்லும் இந்த உபாதைக்குக் கடுங்குளிர் தேவையில்லை. உறைநிலைக்கு மேலே, 15 டிகிரி வரையிலான ஈரக் குளிர் போதும். அட்லாண்டிக்கின் ஈரக்காற்று வீசும் பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து, வட பிரான்ஸ் ஆகியவை அதன் தாய்வீடு.

அந்த ஊர்களில்தான் நம்மவர்களும் பெரும் எண்ணிக்கையில் குடியேறியிருக்கிறார்கள். மைனஸ் 20க்குப் பயந்து கனத்த மேலங்கி வாங்குகிறவர்கள், 6 டிகிரித் தூறலைப் பொருட்படுத்துவதில்லை. இந்த அலட்சியத்தில்தான் சில்பிளேன் உள்ளே நுழைகிறது.

குளிரில் நின்ற உடனே அது தெரிவதில்லை. 12 முதல் 24 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்குள் உட்கார்ந்து கால் சூடேறும் நேரத்தில், விரலின் மேல்புறத்திலோ பக்கவாட்டிலோ ஒரு தடிப்பு எழும்பும். அரிப்பா எரிச்சலா என்று பிரித்துச் சொல்ல வராது. சூடு ஏற ஏற அரிப்பும் ஏறும். செருப்பு வார் பட்டாலே வலிக்கும். சிலருக்கு நீர் கோத்துக் கொப்புளமாகும். அது உடைந்தால் புண். குதிகால், கைவிரல், காதுமடல், மூக்குநுனி ஆகியவையும் தப்புவதில்லை. மேற்கொண்டு குளிர் படாமல் பார்த்துக்கொண்டால் 1 முதல் 3 வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். பார்த்துக்கொள்ளாவிட்டால் பழையது ஆறுவதற்குள் புதியது கிளம்பி, குளிர்காலம் முடியும்வரை தொடரும்.

மருத்துவப் பாடநூல்களில் சில்பிளேன் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. ‘சிவந்த தடிப்பு’ என்று தேடினால் நம் தோலில் கிடைக்காது. மாநிறத்திலும் கறுப்பிலும் அது கருஞ்சிவப்பாக, கத்தரிப்பூ நிறமாக, சில வேளை வெறும் கருமையாகவே தெரியும். அதனால் பூச்சிக்கடி என்றோ சேற்றுப்புண் என்றோ நினைத்துவிடுவது எளிது. சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. விரலிடுக்கில் தோல் ஊறி வெளுத்து உரியும். பித்தவெடிப்பு குதிகால் தோல் வறண்டு பிளப்பது. சில்பிளேன் விரலின் மேல் வீங்கும், தோல் உரியாது, ஒரு விரலோடு நிற்காமல் பல விரல்களில், பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். பூஞ்சைக் களிம்பை எத்தனை வாரம் தடவினாலும் இது அசையாது.

கால் ஏன் முதலில் அடிபடுகிறது? உடலின் கணக்கு கறாரானது. மூளை, இதயம், ஈரல் முதலிய உள்ளுறுப்புகள் 37 டிகிரியை ஒட்டி இருந்தாக வேண்டும். விரல்கள் 15 டிகிரிக்கு இறங்கினாலும் உயிர் போகாது. எனவே குளிர் தட்டியதும் உடல் ஓரங்களுக்குப் போகும் சூடான இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. ஆற்றில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான். நம் உடலின் கடைமடை பாதம்.

இந்த மடையடைப்பு நடக்கும் இடம் மிகத் துல்லியமானது. உள்ளங்கை, உள்ளங்கால், விரல்நுனி, காது, மூக்கு ஆகியவற்றின் தோலுக்கடியில், தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் குறுக்குக் குழாய்கள் ஏராளமாக உள்ளன. வெயிலில் அவை அகலத் திறந்து, நுண்குழாய்களைச் சுற்றிப்போகாமல் இரத்தத்தைத் தோலோரம் கொட்டி உடற்சூட்டை வெளியே தள்ளும். உடல் முழுவதுமான தோலின் இரத்த ஓட்டம், இதமான வெப்பநிலையில் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர். கடும் வெக்கையில் அது 6 முதல் 8 லிட்டர் வரை உயரும். குளிரில் பரிவு நரம்புகள் நோர்அட்ரினலினைச் சுரந்து இந்தக் குழாய்களை இறுக மூடுகின்றன. இன்னொரு நுட்பமும் உண்டு. குழாய்ச் சுவரில் ஆல்ஃபா-2சி என்ற ஏற்பி இருக்கிறது. வெதுவெதுப்பான நேரத்தில் இது செல்லுக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கும். தோல் குளிர்ந்ததும் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும். அதன் பிறகு அதே அளவு நோர்அட்ரினலினுக்கும் குழாய் முன்பைவிட அதிகமாகச் சுருங்கும். நரம்பு தரும் ஆணையைத் தோலே பெரிதாக்கிக்கொள்கிறது.

பாதத்துக்குச் சொந்த வருமானமும் குறைவு. உடலில் வெப்பம் உண்டாக்குவதில் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. விரல்களை அசைக்கும் பெரிய தசைகளோ கெண்டைக்காலில் இருக்கின்றன. பாதத்துக்கு வருபவை அவற்றின் நாண்கள். கூடவே, விரல் ஒரு மெல்லிய உருளை. எடைக்கு ஒப்பிட்டால் பரப்பு மிக அதிகம். இருக்கிற சூட்டையும் அது சீக்கிரம் இழந்துவிடும்.

உடல் விரலை முழுதாகக் கைவிட்டுவிடுவதும் இல்லை. 1930இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் லூயிஸ், பனிக்கட்டி மிதக்கும் நீரில் விரலை வைத்து அதன் வெப்பநிலையை அளந்து வெளியிட்டார். விரல் வேகமாகக் குளிர்ந்தது. 5, 10 நிமிடம் கழித்து, நீரில் இருக்கும்போதே, தானாகச் சூடேறியது. மறுபடி குளிர்ந்தது; மறுபடி சூடேறியது. சுருங்கிய குழாய்கள் இடையிடையே திறந்து, திசு சாகாத அளவுக்கு இரத்தத்தை விட்டு மூடுகின்றன. தலைமுறை தலைமுறையாகக் குளிர்நீரில் கைவைத்துப் பிழைப்பவர்களிடம் இந்தத் திறன் கூடுதலாக இருப்பதுண்டு. கனடாவின் காஸ்பே தீபகற்ப மீனவர்களைச் சோதித்தபோது, குளிர்நீரில் அவர்கள் கை மற்றவர்களின் கையைவிடச் சூடாக இருந்தது. ஆனால் உடல் முழுவதும் குளிர்ந்து கிடந்தால் யாருக்குமே இந்த மீட்பு மங்கிவிடும். கடைமடைக்கு நீர் விட, ஆற்றில் முதலில் நீர் இருக்க வேண்டும் அல்லவா.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் நடப்பது. கால் சில்லிட்டுப் போவது நோய் அல்ல. சில்பிளேன் வருகிறவர்களிடம் நடப்பது வேறு. அதுவும் குளிரும்போது அல்ல, சூடேறும்போது. பரவலாக ஏற்கப்பட்டிருக்கும் விளக்கம் இது. குளிரில் சுருங்கிய சிறு தமனிகள், வெளியே சூடு வந்த பிறகும் இவர்களுக்கு உடனே விரிவதில்லை. காலை நெருப்பருகே நீட்டும்போது தோல் செல்கள் விழித்துக்கொண்டு ஆக்சிஜன் கேட்கின்றன; அதைக் கொண்டுவரும் குழாயோ இன்னும் இறுக்கம் தளரவில்லை. தேவையும் வரத்தும் பொருந்தாத அந்த நேரத்தில் திசு அடிபடுகிறது. நுண்குழாய்ச் சுவர் கசிந்து நீர் தேங்குகிறது. பாதிக்கப்பட்ட தோலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், வீங்கிய திசுவில் இரத்தக்குழாய்களையும் வியர்வைச் சுரப்பிகளையும் சுற்றி லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் மொய்த்திருப்பதைக் காணலாம். குளிரின் காயமாகத் தொடங்கியது, நோயெதிர்ப்பு அமைப்பு பங்கேற்கும் அழற்சியாக முடிகிறது.

ஒரே வீட்டில், ஒரே குளிரில், ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராததற்கு முழு விடை இல்லை. பெண்களுக்கு அதிகம், ஒல்லியானவர்களுக்கு அதிகம், சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். அண்மைக்கால மரபியல் இதில் ஒரு சாளரத்தைத் திறந்திருக்கிறது. லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோயோடு சேர்ந்து வரும் சில்பிளேனை ஆங்கிலேய மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 1888இலேயே விவரித்திருந்தார். அதன் பரம்பரை வடிவத்துக்கு டிரெக்ஸ்-1 என்ற மரபணுவின் பழுது காரணம் என்று 2007இல் தெரியவந்தது. அந்த மரபணு தரும் நொதியின் வேலை, செல்லுக்குள் சிதறிக் கிடக்கும் பழைய டிஎன்ஏ துண்டுகளைக் கூட்டிப் பெருக்குவது. அது முடங்கினால், செல் தன் குப்பையையே வைரஸ் என்று எண்ணி இன்டர்ஃபெரானைச் சுரந்து அபாயமணி அடிக்கிறது. விரல்நுனிகளில் சில்பிளேன் பூக்கிறது.

2020 வசந்த காலத்தில் இது திடீரென்று உலகச் செய்தியானது. கொரோனா பரவிய ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறுவர், இளைஞர் கால்களில் சில்பிளேன் போன்ற தடிப்புகள் தோன்றின. பலருக்குப் பரிசோதனையில் தொற்றே தெரியவில்லை. ஊரடங்கில் வெறுங்காலோடு சில்லிட்ட வீட்டுக்குள் நாள்முழுதும் அசையாமல் உட்கார்ந்ததால் வந்தது என்றார்கள் ஒரு சாரார். இன்டர்ஃபெரான் ஓங்கி அடித்து வைரஸை விரைவிலேயே விரட்டிவிட்டதால்தான் பரிசோதனையில் ஒன்றும் சிக்கவில்லை என்றார்கள் மறு சாரார். வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்பது என் எண்ணம். இன்டர்ஃபெரான் தோலைத் தயார்செய்து வைத்திருந்தால், சில்லிட்ட தரை மீதியைச் செய்திருக்கும்.

இனி ஈரத்துக்கு வருவோம். அசையாத காற்றைவிட நீர் ஏறக்குறைய 23 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காலுறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைக்கிறது. நனைந்த காலுறையில் காற்று இருந்த இடத்தில் நீர் இருக்கும். அத்தோடு முடிவதில்லை. ஒரு கிராம் நீர் ஆவியாக 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் ஈரம் உங்கள் காலுறையில் உலர்ந்தால் அதற்கான 12 கிலோஜூலில் பெரும் பங்கைப் பாதம்தான் கொடுத்தாக வேண்டும். அரை லிட்டர் நீரை 5 டிகிரிக்கு மேல் குளிர்விக்கப் போதுமான அளவு அது. மழைத்தண்ணீர் உள்ளே வர வேண்டும் என்பதில்லை. காற்றுப் புகாத சப்பாத்துக்குள் பாதத்தின் சொந்த வியர்வையே ஒரு தேக்கரண்டி சேர்ந்துவிடும். மைனஸ் 20இல் பனி பொடியாக இருக்கும். சப்பாத்தைத் தட்டினால் உதிர்ந்துவிடும். 3 டிகிரியில் அது சேறு. யாகுட்ஸ்க்காரருக்கும் லண்டன்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதுதான்.

மறுபாதி வீடு. பிரிட்டனில் 1970இல்கூட, வீடு முழுவதையும் சூடாக்கும் மைய வெப்பமூட்டி ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில்தான் இருந்தது. முன்னறையில் ஒரு கணப்பு எரியும். படுக்கையறை, குளியலறை, நடைவழி எல்லாம் விறைத்துக் கிடக்கும். விறைத்த அறையிலிருந்து ஓடிவந்து கணப்பில் காலைக் காட்டி, மறுபடி விறைத்த படுக்கைக்குப் போவார்கள். சில்பிளேன் வளர்ப்பதற்கென்றே யாரோ யோசித்துக் கட்டியதுபோன்ற ஏற்பாடு. சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ நாவலில் (1847) லோவுட் பள்ளிச் சிறுமிகளின் கைகால்களில் சில்பிளேன் இருப்பது கதைக்காகச் சேர்த்த சோகம் அல்ல. அந்நாளைய விடுதிப் பள்ளிகளின் அன்றாடம்.

இதமான குளிர் உள்ள நாடுகளில்தான் மக்கள் குளிருக்கு ஆயத்தமில்லாமல் இருக்கிறார்கள் என்பதை 1997இல் லான்செட் இதழில் வந்த யூரோவிண்டர் என்ற ஆய்வு எண்களில் காட்டியது. வெளியே 7 டிகிரி இருக்கும் ஒரே மாதிரியான நாளை எடுத்துக்கொண்டார்கள். ஏதென்ஸ் வீடுகளின் முன்னறைச் சராசரி வெப்பநிலை 19.2 டிகிரி, தெற்கு ஃபின்லாந்தில் 21.7. வெளியே போகும்போது தொப்பி அணிந்தவர்கள் ஏதென்ஸில் 13 சதவீதம். ஃபின்லாந்தில் 72 சதவீதம். அந்த ஆய்வு பேசியது குளிர்கால இறப்புகளைப் பற்றி. கால்விரலுக்கும் அந்தப் பாடம் பொருந்தும். மைய வெப்பமூட்டி பரவிய பிறகு பிரிட்டனில் சில்பிளேன் பாட்டிமார் கதையாகிக்கொண்டிருந்தது. 2022இல் எரிவாயு, மின்சார விலை ஏறியதும் வெப்பமூட்டியைத் தணித்துவைத்த வீடுகள் பெருகின. அறை வெப்பநிலை 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே போனால், கட்டணத்தில் மிச்சம் பிடித்ததைக் கால்விரல் கட்ட நேரும்.

ஈரமும் குளிரும் நாள்கணக்கில் நீடித்தால் நோயின் பெயரே மாறிவிடும். முதல் உலகப் போரின்போது, 1914–15 குளிர்காலத்தில், பிரான்ஸ், பெல்ஜியத்தின் பதுங்குகுழிகளில் முழங்கால் அளவு சேற்றில் நின்ற பிரிட்டிஷ் படையில் 20,000 பேர் பதுங்குகுழிப் பாதம் என்ற நோயால் படுத்தார்கள். இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட சிப்பாய்களும் அதே சேற்றில்தான் நின்றார்கள். அங்கே உறைபனி விரலைத் தின்னவில்லை. ஈரம் நரம்பையும் குழாயையும் கொன்றது. மருந்தால் அது அடங்கவும் இல்லை. காய்ந்த காலுறைக்கு மாறுவது, திமிங்கல எண்ணெய் தேய்ப்பது, வீரர்களின் பாதங்களை அதிகாரிகள் நாள்தோறும் பார்வையிடுவது ஆகியவை கட்டாயமான பிறகே எண்ணிக்கை சரிந்தது. இவற்றில் காலுறையும் பார்வையிடுதலும்தான் உண்மையில் வேலை செய்திருக்கும் என்பேன். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு, 1812இல் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படையோடு இருந்த அறுவை மருத்துவர் டொமினிக் லாரே, விறைத்த கைகால்களை நெருப்பருகே கொண்டுபோனவர்களுக்கே சேதம் அதிகம் என்று கவனித்தார். சரியான கவனிப்பு. அதிலிருந்து அவர் தந்த வைத்தியம், விறைத்த உறுப்பைப் பனியால் தேய்ப்பது. முற்றிலும் தவறான அது ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மருத்துவ நூல்களில் நின்றது.

நம் நாட்டில் சில்பிளேனுக்குப் பேர்போன இடம் காஷ்மீர். டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் நீளும் ‘சில்லை கலான்’ என்ற கடுங்குளிர்ப் பருவத்தில் தால் ஏரியின் மேல்பரப்பு உறையும். வீட்டு வேலை செய்யும் பெண்களின் விரல்கள் வீங்கும். காஷ்மீரியில் இந்த வீக்கத்துக்கு ‘ஷுஹ்’ என்று பெயர். அங்கே குளிருக்குத் துணை காங்கிரி: பிரம்புக் கூடைக்குள் வைத்த மண்சட்டியில் கரித்தணல். அதை ஃபிரான் என்ற தொளதொள அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடப்பார்கள். உடலியல்படி மிகச் சரியான இடம் அது. கனடாவில் நடந்த சோதனைகளில், மார்பையும் வயிற்றையும் மின்சார உடுப்பால் சூடாக்கியபோது உறைநிலைக்கு வெகு கீழான குளிரிலும் கையுறையற்ற விரல்கள் வேலை செய்யுமளவு வெப்பத்தோடு இருந்தன. உடலின் நடுப்பகுதியில் சூடு மிகுந்தால், அதை வெளியேற்றுவதற்காகவே மூளை விரல்களின் மடையைத் திறந்துவிடுகிறது. காங்கிரியின் சிக்கல் வேறு. நெருப்பு பல்லாண்டுக் காலம் அதே தோலைச் சுட்டுக்கொண்டே இருப்பதால், வயிற்றிலும் தொடையிலும் புற்றுநோய் வந்தது. ஸ்காட்லாந்து மிஷனரி மருத்துவர் வில்லியம் எல்ம்ஸ்லி 1866இலேயே அதைப் பதிவு செய்தார். இடம் சரி, கருவி தவறு.

இப்போது நம் வீடுகளுக்கு. குளிர்நாட்டுத் தமிழ் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருக்கும். உள்ளே எல்லோரும் வெறுங்கால். வெளியிலிருந்து வந்ததும் கால் கழுவும் பழக்கத்தையும் பலர் விடவில்லை. யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் அது மிக நல்ல பழக்கம். லண்டனில் குழாய்த்தண்ணீரில் கழுவிய ஈரக்காலோடு ஓடு பதித்த அடுக்களைத் தரையில் ஒரு மணி நேரம் நின்று சமைப்பது, மேலே சொன்ன அத்தனை இயற்பியலையும் காலுக்கு எதிராகத் திருப்பிவிடுவது. கழுவுங்கள், வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, உடனே காலுறை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் அணிய அடி தடித்த ஒரு செருப்பைத் தனியாக வைத்துக்கொள்வதால் ஆசாரம் கெட்டுவிடாது. மார்கழிப் பூசைக்கும் தைப்பூசத்துக்கும் கோயிலில் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். காலுறையோடு போவதைப் பல கோயில்களில் யாரும் தடுப்பதில்லை. நனைந்த வாசலைக் கடந்துபோக நேர்ந்தால், திரும்பி வரும்போது மாற்றிக்கொள்ளப் பையில் ஒரு சோடி காய்ந்த காலுறை இருக்கட்டும்.

பெண்களுக்கு இன்னொன்று: மெட்டி. விரல் வீங்கத் தொடங்கினால், இறுகிய வளையம் இரத்த ஓட்டத்தை மேலும் தடுக்கும். தடிப்பு தெரிந்த அன்றே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு கழற்றுவது பெரும்பாடு. குளிர்காலம் முடியும்வரை மெட்டியைப் பெட்டியில் வைத்திருப்பதே மேல் என்பேன். மாமியார் கேட்டால் இந்தக் கட்டுரையைக் காட்டலாம்.

காலுறை விஷயத்தில் பலரும் செய்வது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று மாட்டி, அதைச் சப்பாத்துக்குள் திணிப்பது. இழைகள் நசுங்கினால் காற்று வெளியேறிவிடும், விரல்களும் அழுந்தும். கம்பளியால் ஆன ஒன்று, அதற்கு இடம் கொடுக்கும் அளவில் சப்பாத்து, அவ்வளவே. கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீராவியை உள்வாங்கிய பிறகும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. பருத்தி நம் ஊருக்கு உகந்தது. குளிர்நாட்டில் அது வியர்வையை உறிஞ்சிக் காலோடு ஒட்டிக்கொள்ளும். நேற்றுப் போட்ட சப்பாத்து உள்ளே காய்ந்திருக்காது. இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றிப் போடலாம். வெளியே கிளம்பும் முன் கால் சூடாக இருக்க வேண்டும்; சில்லிட்ட காலைக் கம்பளிக்குள் வைத்தால் அது சில்லிட்டபடியே நெடுநேரம் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் மேலுடை. காஷ்மீரிகள் வயிற்றில் தணலைக் கட்டிக்கொள்வதன் நியாயம் இங்கேயும் செல்லும்: உள்ளே ஒரு கம்பளி மேல்சட்டை, கழுத்துக்கு ஒரு துணி, தலைக்குத் தொப்பி. கால் சில்லிட்டால் மேல்சட்டை போடு என்பது கேலிபோலத் தோன்றும். உடலியல் அப்படித்தான் சொல்கிறது.

இரவில் காலுறையோடு படுப்பதை நாகரிகக் குறைவாக நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, கைகால்கள் எவ்வளவு சூடாக இருக்கின்றனவோ அவ்வளவு விரைவில் தூக்கம் வருகிறது என்று காட்டியது.

வந்துவிட்ட சில்பிளேனுக்கு என்ன செய்வது? முதலில், செய்யக் கூடாதது: வெந்நீரில் காலை முக்குவது, வெப்பமூட்டியின் மேல் வைப்பது, கணப்பில் காட்டுவது. உலர்ந்த காலுறைக்குள் அறைச்சூட்டில் மெல்ல மீளட்டும். சொறிந்தால் புண்ணாகி, கிருமி சேரும். பழைய ஆங்கிலக் கிராமங்களில் முள் நிறைந்த ஹாலி இலைக்கொத்தால் விரல்களை அடிப்பதே வைத்தியமாக இருந்தது. சிறுநீர்ப் பாத்திரத்தில் கால் வைத்தவர்களும் உண்டு. நம்மவர்களின் முதலுதவி கோடாலித் தைலம். அதன் மென்தால், தோலில் குளிரை உணரும் டிஆர்பிஎம்-8 என்ற ஏற்பியைத் திறந்துவிடும். காரமான மிளகாய்க் களிம்புகளோ வெப்பத்தை உணரும் டிஆர்பிவி-1 ஏற்பியைத் திறக்கும். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் இத்தகைய ஏற்பிகளைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காக டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியானும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மென்தால் அரிப்பைச் சற்று மறக்கச் செய்யும், விரலைச் சூடாக்காது. உடைந்த தோலில் இரண்டையும் தடவக் கூடாது.

மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதித் தருவது நிஃபெடிபின். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை, குழாய்களை விரிப்பது. 1989இல் பிரிட்டனில் நடந்த ஒரு சிறு சோதனை அது நன்றாக வேலை செய்கிறது என்றது. 2016இல் நெதர்லாந்தில் நாள்பட்ட சில்பிளேன் உள்ள 32 பேரிடம் நடந்த சோதனையில், வெற்று மாத்திரையைவிட அது மேலானதாகத் தெரியவில்லை. அதே ஆய்வுக்குழு ஸ்டீராய்டு களிம்பையும் வைட்டமின் டியையும் தனித்தனியே சோதித்தது, இரண்டும் தேறவில்லை. எல்லாமே சிறிய சோதனைகள். கடுமையாக, திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு நிஃபெடிபினை மருத்துவர் இன்றும் தரக்கூடும். தலைவலி, கால்வீக்கம், அழுத்தம் இறங்குதல் ஆகியவற்றைக் கவனித்தபடி. தானாகவே ஆறும் நோய்க்கு எந்தக் களிம்பைத் தடவினாலும் மூன்று வாரத்தில் நல்ல பேர் கிடைத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். புகைப்பதை நிறுத்துவது எல்லா மருந்தையும்விடப் பயன் தரலாம். நிகோட்டின் அதே குழாய்களைச் சுருக்குகிறது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கைகால் சில்லிடுவது கூடும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

விரல்கள் குளிரில் வெளிறி வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து, அரைமணி ஒருமணியில் பழையபடி ஆகிவிட்டால் அது சில்பிளேன் அல்ல. பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862இல் விவரித்த வேறொரு நிலை. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கட்டுரையின் பாதி அறிவுரைகள் போதாது. நரம்பு மரத்த காலுக்கு வெந்நீர்ப் பையின் சூடு தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். அவர்கள் வெந்நீர்ப் பையையும் வெப்பமூட்டியையும் காலுக்குப் பக்கத்தில் விடாமல், நாள்தோறும் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முதுமையில் முதன்முறையாகச் சில்பிளேன் வந்தாலும், மூட்டுவலியோ முகத்தில் தடிப்போ கூட வந்தாலும், ஒரே ஒரு காலில் மட்டும் வந்து அந்தக் காலில் நடக்கும்போது கெண்டைக்கால் வலித்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். லூபஸ், தமனி அடைப்பு, அரிதாக இரத்தப் புற்றுநோய்கூட இந்த வேடத்தில் வரும். ஏப்ரல் போய், வெயில் வந்து, காலுறையைக் கழற்றிய பிறகும் ஆறாமல் நிற்கும் தடிப்பைக் குளிரின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.